மெலனியின் கைபிடிக்க வந்தவர்

எமிலியானுசுக்கு உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். இதை வியாதி என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியக்காரரின் காய்கறிக் கடையில் பெட்டி தூக்கி, மாலையில் நகரத்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து, இரண்டுக்கும் நடுவில் மெட்ரோவில் கண்ணயர்ந்து பிழைக்கிற எவருக்கும் வருவதுதான். சொந்த ஊரான பேசாலையிலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்த நாள் முதல் இதே ஓட்டம். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கடைசி நிலையத்தில் யாரோ தட்டி எழுப்பிய நாட்கள் உண்டு. ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதுமே தலை தொங்கிவிடும். மனைவி செலீன் முழங்கையால் இடிப்பாள். அப்பா என்றதும் தனக்கு ஞாபகம் வருவது குறட்டைதான் என்று மகன் நிஷான் சிநேகிதர்களிடம் பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த உழைப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த உரிமையும் உண்டு.

தூக்கம் போனதைப் பற்றி எமிலியானுஸ் கவலைப்பட்டதில்லை. அதோடு சேர்ந்து போன வேறு காரியங்கள்தான் அவரை அரித்தன. ஒரே தங்கை சிசிலி லண்டனில் கலியாணம் செய்தபோது இவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. எல்லை தாண்ட வழியில்லாமல் தொலைபேசியில் ஆசீர்வாதம் சொன்னார். அவளுடைய கணவன் மாரடைப்பில் போனபோது பயணம் செய்ய முடிந்திருக்கும், வேலையில் லீவு தரவில்லை. அப்போதும் தொலைபேசிதான். அண்ணன் என்றால் அவளுக்கு ஒரு குரல், அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டு மாசியில் சிசிலி மறுபடி அழைத்தாள்.

"அண்ணை, மெலனிக்குக் கலியாணம். ஆனி மாசம். தகப்பன் இல்லாத பிள்ளை. நீங்கள்தான் கையைப் பிடிச்சுப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"வாறன்," என்றார் எமிலியானுஸ்.

அடுத்த நாள் இத்தாலியரிடம் அவர் லீவு கேட்கவில்லை, ஆனியில் தான் இருக்கப் போவதில்லை என்று அறிவித்தார். வேலை போனாலும் போகட்டும் என்ற நிலைதான். செலீனுக்குத் தான் வேலை செய்யும் பிள்ளைகள் காப்பகத்தில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ. இதையாவது ஒழுங்காச் செய்யுங்கோ," என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் குத்தியது. இதையும் தவறவிட்டால் தனக்கு அண்ணன் என்ற பேர் எதற்கு என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

லண்டனில் இறங்கியவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும் என்று நினைத்தால் நீங்கள் நம் சனத்தை அறியாதவர். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் சொந்தக்காரர் அத்தனை பேரும் அவரைச் சாப்பிட அழைத்தாக வேண்டும், அவரும் அத்தனை வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறு வீட்டில் தேத்தண்ணியோடு எழும்பினால் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். ஈஸ்ட்ஹாமில் மீன்குழம்பும் புட்டும். ஹரோவில் ஆட்டிறைச்சி. குறொய்டனில், வேண்டாம் வேண்டாம் என்றாலும் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்த இடியப்பம். போன இடமெல்லாம் யார் செத்தார், யார் தப்பினார் என்ற கதை. படுக்கும்போது விடிந்துவிடும். மறுக்கத் தெரியாத மனிதர், தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்பு காட்டியே ஆளை அடித்துப் போட நம்மவர்களால் முடியும்.

கலியாணம் லண்டனில் இல்லை. மாப்பிள்ளை ஓர் ஆங்கிலேய ஆசிரியர். அவருடைய சொந்த ஊர் ஆல்டன்பரி, பல நூறு வருடப் பழைய சந்தை நகரம். சந்தைச் சதுக்கத்தைப் பார்த்த ஒரு பழைய விடுதியில் பெண் வீட்டார் முதல் நாளே வந்து தங்கினார்கள். சனிக்கிழமை காலை, எல்லாருக்கும் முன்னால் கோட்டும் புதுச் சப்பாத்துமாக வெளிக்கிட்டு வந்து நின்ற அண்ணனைப் பார்த்துச் சிசிலி சிரித்தாள். அவளும் பட்டுச் சேலை உடுத்தித் தோளில் நீலச் சால்வை போட்டிருந்தாள்.

"பொம்பிளையளுக்கு இடைஞ்சலா நிக்காமல் ஒருக்கா ஊரைச் சுத்திப் பாருங்கோ அண்ணை. நேரம் கிடக்கு. பேந்து நேரே கோயிலடிக்கு வாங்கோ."

சதுக்கத்தின் நடுவில் கல்தூண்கள் தாங்கிய பழைய மண்டபம். அதன் கீழும் சுற்றிலும் கூடாரம் போட்டு வியாபாரம் நடந்தது. ராசாக்கள் காலத்திலிருந்து இந்த இடத்தில் சனிக்கிழமைச் சந்தை கூடுகிறதாம். எமிலியானுஸ் கல்லைப் பார்க்கவில்லை, காயைத்தான் பார்த்தார். ஒரு கடையில் ஸ்ட்ரோபரிப் பெட்டிகளில் மேலே பெரிய பழமாக அடுக்கியிருந்ததைக் கண்டதும் அடியில் என்ன கிடக்கும் என்று தெரிந்து சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் கடைக்காரியிடம் "போன்ஜூர்" என்றார். அவள் முழித்தாள்.

சந்தைத் தெரு முடிகிற இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. அதற்கப்பால் முன்னொரு காலத்தில் பிரபு ஒருவருக்குச் சொந்தமாயிருந்து, இப்போது எல்லாருக்கும் திறந்துவிட்ட பூங்காவனம். கண்ணுக்கெட்டிய தூரம் புல். மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ஓக் மரங்கள். சரிவில் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த ஆளால் ஆபத்தில்லை என்று கண்டு மறுபடி மேய்ந்தன. மொன்றியலில் மலைப் பூங்காவை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். இவ்வளவு அமைதியான இடத்தில், கையில் வேலை எதுவும் இல்லாமல் கடைசியாக எப்போது நின்றோம் என்று யோசித்தார், நினைவு வரவில்லை. கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. பக்கம்தான்.

புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. ஒரு மரத்தடியில் உட்காரும் பலகை வாங்கு இருந்தது. உட்காரக் கூடாது என்று தெரியும். நின்றபடி நாடாவைத் தளர்த்தக் குனிந்தார். தலை சுற்றியது. சரி, நாடாவைத் தளர்த்தும் வரைக்கும் என்று உட்கார்ந்தார்.

குளிர் பட்டு விழித்தபோது நிழல் வேறு பக்கம் போயிருந்தது. மார்பில் ஏதோ கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். நீலச் சால்வை. கழுத்துவரை இழுத்து, நுனியைத் தோளுக்கு அடியில் செருகிப் போர்த்தியிருந்தார்கள்.

நாடா அவிழ்ந்த சப்பாத்தோடு ஓடினார். கோயில் வாசலை அடைந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. பூவிதழ்கள் தூவிய படிகளில் மெலனி புருஷனின் கையைப் பிடித்து இறங்கி வந்தாள். மாமனைக் கண்டதும் விலகி ஓடிவந்து கன்னத்தில் முத்தமிட்டாள்.

"மாமா, இப்ப ஓகேயா? அம்மா சொன்னவ, உங்களுக்குச் சுகமில்லை எண்டு. நான் வாசல்ல கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் தலையாட்டினார். அவளைப் படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். சிசிலி சுவரோரமாக நின்றிருந்தாள். சால்வையை நீட்டினார்.

"பிள்ளையைப் பீடத்தடிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"நான்தான்."

"ஏன் எழுப்பேல்லை?"

"எழுப்பத்தான் வந்தனான் அண்ணை. தோளில கையும் வைச்சன்." அவள் சால்வையை மடித்தாள், விரித்தாள். "உங்கட முகம்... அப்பிடிக் களைச்சுப் போய்க் கிடந்தது. இவ்வளவு களைப்பை நான் உயிரோட இருக்கிற ஆரின்ட முகத்திலையும் கண்டதில்லை. எனக்கு மனம் வரேல்லை."

"நான் நித்திரை கொள்ளவோ இவ்வளவு தூரம் வந்தனான்? காலால உதைச்சு எழுப்பியிருக்கலாமே!"

"ஓம்," என்று சொல்லி அவள் அழுதாள்.

அவருக்குத் தங்கைமேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் உடம்பின்மேல் வந்தது. வெட்கம்கெட்ட உடம்பு, வருடக்கணக்கில் இல்லாத மாதிரி இலேசாக, தெளிவாக இருந்தது.

விருந்து மண்டபத்துக்குப் போகிற வழியில் சிசிலியின் கைபேசி அடித்தது. மொன்றியலிலிருந்து செலீன். சிசிலி அதை அண்ணனிடம் கொடுத்தாள்.

"என்னப்பா, கூட்டிக்கொண்டு போனீங்களோ?"

எமிலியானுஸ் மூச்சை இழுத்தார். "ஓம்," என்றார்.

"கை நடுங்கினதோ?"

அவர் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். சிசிலி மெதுவாக அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஓம் மச்சாள். அண்ணை வடிவாக் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு இடத்திலயும் தடுமாறேல்லை. எல்லாரும் அவரைத்தான் பாத்தவை."

மறுமுனையில் செலீன் சந்தோஷத்தில் விம்முவது வெளியே கேட்டது. சிசிலி அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஊரை விட்டுப் பிரிந்த பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தப் பொய்தான்.