எனக்கு முன்னால் அவளுக்கு வந்த கட்டி

பொங்கலுக்கு வந்திருந்த தங்கையிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். சமையலறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். "இடது மார்ல கொண்டைக்கடலை மாதிரி ஏதோ தட்டுப்படுது, வலியெல்லாம் இல்ல" என்றேன். அவள் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையிலிருந்த மொச்சையை அப்படியே போட்டுவிட்டு என்னை அறைக்குள் அழைத்துப்போய்த் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்ததும், "திங்கக்கிழமை நீ என்னோட வர்ற" என்றாள்.

"ஸ்கூலு?"

"லீவு லெட்டர் நான் எழுதறேன்."

தை முடிவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிறகு கீமோ, பிறகு கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, செத்துவிடுவேன் என்று பயந்து அழுதேன். ஆனாலும் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் ஒரு நாளும் விழித்ததில்லை. எந்த டாக்டர், எந்த ஸ்கேன், எத்தனை மணிக்குக் கார் என்று யாராவது எனக்காக முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஆவணி கடைசியில் ஊருக்குத் திரும்பினேன்.

ஊர் ஒலக்கூர் பக்கம். திண்டிவனத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் தார் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கிருந்து எங்கள் நிலத்துக்கு இருபது வருஷமாக வேலைக்கு வந்த ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். களையெடுக்க, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்க எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் என்னை நீங்க என்பாள், நான் அவளை நீ என்பேன். இப்போது அவர் என்று எழுதலாம்தான். அவள் உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட அப்படிச் சொல்லாத நான், இப்போது மட்டும் சொன்னால் பொய்.

நான் திரும்பிய வாரம் அவள் அவித்த மல்லாட்டையோடு வந்தாள். வழக்கம்போலத் தோட்டத்துப் பக்க வாசலில் நின்றாள். என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "முடி வந்துடும்மா, வெசனப்படாதீங்க" என்றாள். பிறகு, "அந்தக் கட்டி வலிச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. வலியே இல்ல."

"எனுக்கும் மொதல்ல வலிக்கலதாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பி முந்தானையை விலக்கினாள். மார்பின் மேல் பழைய புடவைத் துணியை மடித்து வைத்திருந்தாள். துணியை எடுத்ததும் வாடை வந்தது. தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி நாளா இது?"

"போன புரட்டாசில, மல்லாட்டை புடுங்க சொல்ல பார்த்தேங்க. அப்ப சின்னதாதான் இருந்துச்சு, புளியங்கொட்டை மாதிரி."

போன புரட்டாசி. என் கட்டி என் கைக்குத் தட்டுப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால். என்னைவிட அவள் முந்திக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். கூட்டேரிப்பட்டில் ஊசி போடுகிற ஒரு ஆளிடம் முதலில் காட்டியிருக்கிறாள். நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறான். அது கேட்காததால் பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கிறாள். சித்திரையில் ஊருக்கு வந்த சுகாதார நிலைய நர்ஸம்மா பார்த்துப் பதறி, திண்டிவனத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்து விழுப்புரத்துக்குச் சீட்டு. விழுப்புரத்தில் சோதனைக்குச் சதை எடுத்து, ஒரு வாரம் கழித்துக் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். புருஷன் செங்கல் சூளைக்குப் போயிருந்தான். மகள் அனந்தபுரத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். "கூட வர ஆளு கெடைக்கலங்க, அப்பறம் விதைப்பு வந்துடுச்சு" என்றாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது மாதிரி.

அந்த வாரமே எங்கள் காரில் அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனேன். கூட வந்த ஆள் நான்தான். புண் கசிந்து சீட்டில் பட்டுவிடக் கூடாது என்று துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்னப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரலுக்குப் போய்விட்டது என்றாள். "இத்தனை நாள் எங்கம்மா இருந்தாங்க?" என்று கேட்டாள். எங்கள் நிலத்தில்தான் இருந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்கழியில் இறந்துவிட்டாள்.

சாவுக்குப் போனேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம். ரோட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நான் நடந்தது அன்றைக்குத்தான். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாம் என்று பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். அவள் மகள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அம்மா ஒங்ககிட்டதான் மொதல்ல வந்துச்சு, தெரியுங்களா?"

"எங்கிட்டயா?"

"அந்தப் புரட்டாசில. ஆஸ்பத்திரி போவணும், ஒரு நாளு லீவு குடுங்கன்னு கேட்டுச்சாம். மழ வரப் போவுது, மல்லாட்டை முடிஞ்சதும் போயேன்னு சொன்னீங்களாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "கோவமா சொல்லலீங்க. நல்லாதான் சொன்னாங்கன்னு அம்மா சொல்லுச்சு."

எனக்கு நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், இன்றைக்கு வரை வரவில்லை. வானம் இருட்டியிருந்ததும், களத்தில் தார்ப்பாயைத் தேடியதும் நினைவிருக்கிறது. அவள் வந்து நின்றது மட்டும் இல்லை.

பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் மாமியார், கர்ப்பப்பையில். தண்ணீர்த் தொட்டி ஓரத்து வீட்டில் புருஷன்காரன், தொண்டையில். அதற்கடுத்த வீட்டில் வயிற்றில், சின்ன வயசு. இந்த நோவில் செத்தவர்களை விரல் நீட்டி வீடு வீடாகச் சொன்னார்கள். எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. புற்றுநோய் வந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தினமும் காலையில் வாக்கிங் போகிறார். கர்ப்பப்பை எடுத்த என் ஓரகத்தி மகன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருக்கிறாள். பிறகு நான். இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு தார் ரோடுதான்.

"இங்க இந்த நோவு வந்து பொழைச்சவங்க யாரு?" என்று கேட்டேன்.

எனக்கு நேரெதிரே இருந்தவள் புதிதாக முளைத்திருந்த என் முடியைப் பார்த்தபடி, "இந்த நோவு வந்தா பொழைப்பாங்களா, டீச்சரம்மா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பொழைப்பாங்க என்று சொல்லி, அந்தச் சாவு வீட்டிலேயே என் கதையைச் சொன்னேன். கொண்டைக்கடலை அளவில் இருந்ததையும் வலிக்காமல் இருந்ததையும் சொன்னேன். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா என்று யாரும் தடுக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் நர்ஸம்மாவும் நானும் பெண்களுக்குக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அந்தத் தெருவுக்குப் போனோம். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்தவர்களில் அவள் மகளுக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு இருந்தது.

இப்போது அவளோடு விழுப்புரம் போய் வருகிறேன். எங்கள் நிலத்து வேலை இருக்கிற நாளிலும் போகிறோம். அவளை நீங்க என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை, அவளுக்கும் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை என்கிறாள். கஞ்சியில் கொஞ்சம் மோர் விட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.