செம்பு தட்டிய சுவர்

குமாரபாளையத்தில் எங்கள் லைன் வீட்டைப் பெரிதாக்கப் பக்கத்து வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடிக்கத் தொடங்கியதும் எழுந்த பழைய சுண்ணாம்பு வாசம் என்னைச் சிறுவயது விடியல்களுக்கு இழுத்துப்போனது. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் விழும் சத்தத்தை முதலில் கேட்ட அம்மாவோ, போன வருடம் இறந்துபோன பக்கத்து வீட்டு சரோஜா அக்காவோ பித்தளைச் செம்பால் இந்தச் சுவரைத் தட்ட, மறுபக்கமிருந்து பதில் தட்டு விழ, இருட்டில் இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறக்கும்.

அம்மா தட்டித் தட்டி விழுந்த குழிக்கு நேர் எதிரே, அக்காவின் பக்கமும் ஒரு குழி இருந்ததை இன்றுதான் பார்த்தேன். அதற்குள் கடப்பாரை அங்கே எட்டிவிட்டது.

அம்மா கொத்தனாரிடம் சொன்னாள்: "சரோஜா போனதுக்கப்பறமும் நாந் தட்டிட்டுத்தானுங்க இருந்தேன். இனி எங்கீங்க தட்டறது?"