சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால்

நின்றபடி விசாரித்துவிட்டுப் போகிற உத்தியோகத்தர் இல்லை நான். சிலர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, எல்லாம் சுகந்தானே என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் போனால் உட்காருவேன். கதிரை இருந்தால் கதிரை, இல்லாவிட்டால் கவிழ்த்து வைத்த வாளி. தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பேன். பிள்ளை எங்கே படுக்கிறது, கொப்பியில் கடைசியாக என்ன எழுதியது, காலில் செருப்பு இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பேன். ஒரு வீட்டுக்கு ஒரு மணித்தியாலம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த இருபது வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

இன்னொன்றும் இருந்தது, அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. எனக்கு வாய் நீளம். மன்னார் ரவுணில் நடுறோட்டில் படுத்திருக்கும் கழுதைகள் பஸ் ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது, மிஸ்ஸின் குரல் கேட்டால் எழும்பும் என்று கந்தோரில் என்னோடு வேலை செய்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். குடிக்கிற தகப்பன்மாரையும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடாத தாய்மாரையும் அந்தக் குரலால்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். சட்டம் படிப்பித்து ஆகாத காரியம் ஒரு அதட்டில் ஆகும். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

யுத்தம் முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பத் தொடங்கிய காலம். தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைக் கடந்து பெருநிலப்பரப்புக்குப் போவதுதான் அன்றாட வேலையாகிவிட்டது. வயல் கிராமங்களில் தறப்பாளும் தகரமுமாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வீட்டில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. தாயும் தகப்பனும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் செத்துப்போனார்கள். தகப்பனின் அக்கா, கல்யாணம் கட்டாதவள், முகாமிலிருந்து பிள்ளையைத் தன்னோடு கூட்டிவந்திருந்தாள். வயலில் கூலிக்குப் போய்த்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு. பிள்ளை இந்த மாமியோடேயே இருக்கலாமா, ரவுணில் உள்ள சிறுவர் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று பரிந்துரை எழுத வேண்டியவள் நான். பிள்ளையின் பெயரில் திறந்த கோவையில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருந்தது.

அந்த வீட்டின் பின்வேலிக்கு அப்பால் பற்றைக்காடு. அதற்குள் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. வெள்ளைக் கட்டை நட்டிருந்தால் துப்புரவாக்கிய நிலம், சிவப்புக் கட்டை என்றால் கால் வைக்கக் கூடாது. அது ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். இந்த வேலிக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் சிவப்புக் கட்டைகள்.

முதல் தடவை போனபோது பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை என்று தெரிந்தது. இரண்டு மைல் தூரம், வழியில் ஆமிக் காம்ப், தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது என்றாள் மாமி. நியாயமான பயம்தான். ஆனால் அன்றைக்கு அது நான் கேட்ட ஐந்தாவது நியாயம், வெயில் வேறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்த முறையும் இதைத்தான் சொல்லுவியள் எண்டால், வாகனத்தோட வந்து பிள்ளையை ஏத்திக்கொண்டு போவன்" என்றேன்.

பிள்ளை கதவுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏத்திக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அது சும்மா ஒரு வெருட்டு.

வெருட்டு பலித்தது. அடுத்த கிழமையே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு எனக்கு மெத்தச் சந்தோஷம். அதற்குப் பிறகு மூன்று தடவை பின்னேரங்களில் ஸ்கூட்டரில் போனேன். மூன்று தடவையும் பிள்ளை வீட்டில் இல்லை. விளையாடப் போய்விட்டாள் என்று மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் வழக்கம்போல ஒரு மணித்தியாலம் இருந்து, பானை பார்த்து, கொப்பி பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினேன். "பிள்ளை அயலில் விளையாடச் சென்றுள்ளது. நன்றாகப் பழகிவிட்டது" என்று கோவையில் எழுதினேன். என் கையெழுத்துத்தான். இன்றைக்கும் அந்தக் கோவை எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்கும்.

அதற்கடுத்த தடவை கந்தோர் வாகனத்தில் போக நேர்ந்தது. அடுத்த ஊரில் கால் இழந்த ஒருவருக்குச் சக்கர நாற்காலி கொடுக்க வேண்டியிருந்தது, போகிற வழியில் இந்த வீட்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சாரதி என் வயதுக்காரர், முசலிப் பக்கத்து முஸ்லிம், இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அண்ணன் என்கிற மாதிரி, அவர்களுடைய வழக்கத்தில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். வேலியோரம் வாகனத்தை நிற்பாட்டும்போது முற்றத்தில் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் அது இல்லை.

மாமி சுளகோடு முற்றத்தில் நின்றாள். வாகனத்தைக் கண்டதும் அரிசி நிலத்தில் கொட்டியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பின்வேலியைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கட்டைகளைத் தாண்டி, முப்பது அடி உள்ளே, ஒரு பாலைமரத்தின் அடியில் நீலச் சட்டை நின்றது.

அந்த நிமிடத்தின் பயத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. ஷெல் விழுந்த நாட்களில் மேசைக்கு அடியில் படுத்திருக்கிறேன், அப்போதுகூட அப்படி இல்லை. அது என்மேல் விழப்போகிற ஷெல். இது நான் கொண்டுவந்து விட்டது.

மாமி ஓடப் பார்த்தாள். நான் அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மிதிவெடி பற்றி ஊர் ஊராக வகுப்பு நடத்தியவர்களோடு நானும் போயிருக்கிறேன். உள்ளே அகப்பட்டால் அசையக் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும், உதவிக்கு ஆள் வரும் வரைக்கும். எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தது.

"பிள்ளை, அசையாதை. நில்லு அதிலை" என்று கத்தினேன்.

கழுதையை எழுப்புகிற குரல். பிள்ளை இரண்டு அடி பின்னால் வைத்தது.

குரலைத் தணித்துக்கொண்டு, ஒன்றும் செய்யமாட்டேன் என்று கெஞ்சினேன். இன்னும் ஒரு அடி பின்னால். பள்ளிக்கூடம் போகிற கெட்டிக்காரி என்று புகழ்ந்தேன். இன்னும் ஒரு அடி. நான் வாய் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கால் எந்த இடம் என்று பாராமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய்க்கு நானே பயந்தேன்.

நானா அதற்குள் மிதிவெடி எடுக்கிறவர்களின் காம்புக்கு போன் பண்ணியிருந்தார். அன்றைய வேலை முடித்துப் போய்விட்டார்கள், திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும். வந்தாலும் தலைக்கவசமும் பெரிய வாகனமுமாக வருவார்கள். அதைக் கண்டால் பிள்ளை இன்னும் உள்ளே ஓடும். நானா எனக்குப் பக்கத்தில் வந்து, பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீங்க போனாத்தான் மிஸ் புள்ள வரும்."

ஆபத்தில் இருக்கிற பிள்ளையை விட்டு உத்தியோகத்தர் அகலக் கூடாது. அது விதி. நான் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் விதியும் அதுதான். ஏதும் நடந்துவிட்டால், மிதிவெடிக்குள் நின்ற பிள்ளையை விட்டுவிட்டு வாகனத்தில் ஏறிப் போனவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். மாமியின் காதில், ஓடாதை தங்கச்சி, கத்தாதை, வேலிக்கு இங்காலை நிண்டு மெதுவாகக் கதை என்று மட்டும் சொன்னேன். பிறகு பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்படி நடந்துபோய் வாகனத்தில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

வளைவு தாண்டி, மதகடியில் நிற்பாட்டச் சொன்னேன், மிதிவெடிக்காரர் வந்தால் அங்கேயே மறிக்கலாம் என்று. இயந்திரத்தை அணைத்ததும் ஒரு சத்தமும் இல்லை. வீடு தெரியவில்லை, மரங்கள்தான் தெரிந்தன. எங்கோ ஒரு மயில் அகவியதற்கே நான் இருக்கையிலிருந்து எழும்பிவிட்டேன். கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மடு மாதாவே என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. செபம் எல்லாம் மறந்துபோயிருந்தது. நானா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மாமி றோட்டால் நடந்து வருவது தெரிந்தது. ஓடவில்லை, நடந்து வந்தாள். அதைக் கண்டுதான் மூச்சு விட்டேன்.

பிள்ளை வந்துவிட்டது. வாகனச் சத்தம் அடங்கியதும், போன தடத்திலேயே அடி வைத்துத் தானாக வந்துவிட்டதாம். நான் அழுதேன். அழுதுகொண்டே என் பழைய குணம் தலை தூக்கியது. ஒரு பிள்ளை அதற்குள் ஓடுகிற அளவுக்கு நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அப்போதும் அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, பயம்தான். அதனால்தான் சொல்வதா விடுவதா என்று தயங்கினாள் போலும்.

"இண்டைக்கு மட்டும் இல்லை மிஸ். ஒவ்வொரு முறையும் நீங்கள் வரேக்கை அதுக்குள்ளைதான் போய் இருக்கிறவள். எனக்கு முதல் தெரியாது, போன முறைதான் கண்டனான். சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோயிடுவியள் எண்டு சொல்லேல்லை. அந்த மரத்தடியிலை ஒரு தண்ணிப் போத்தலும் வச்சிருக்கிறாள். நீங்கள் கனநேரம் இருப்பியள் எண்டு."

நானா வாகனத்திலிருந்து இறங்கித் தூரப் போய்விட்டார். நான் மதகில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பின்னேரங்கள், மூன்று மணித்தியாலங்கள். நான் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, குசினிப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் சிவப்புக் கட்டைகளுக்குள் உட்கார்ந்து, நான் எழும்புவேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் சீக்கிரம் போகிற உத்தியோகத்தராக இருந்திருந்தால் அதற்குத் தண்ணீரே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த நாள் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். உத்தியோகத்தரின் மிரட்டலே காரணம் என்றும் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு எந்த உத்தியோகத்தர் என்று கேட்டார். நான்தான் சேர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வசனத்தை எடுத்துவிடலாமே என்றார், பிறகு, இப்படிப்பட்ட பிள்ளையை உடனே இல்லத்துக்குக் கொண்டுவருவதுதானே முறை என்றார். முறை அதுதான். ஆனால் அதற்கு வாகனம் போக வேண்டும், வாகனத்தைக் கண்டால் பிள்ளை எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டு நிலத்தை முதலில் துப்புரவாக்கித் தரும்படி கடிதம் போட வைத்தேன். அதுவரை அந்த வீட்டுக்கு ஒரு உத்தியோகத்தரும் போகக் கூடாது என்றும் எழுதினேன். என் கையால் அப்படி ஒரு பரிந்துரை எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள்தான் கொடுமை. கந்தோரில் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுப்பேன். நான் போகாவிட்டாலும் வேறு யாராவது, ஒரு தொண்டு நிறுவனக்காரர், ஒரு மீன் வாகனம், வழி தவறிய ஒரு ஜீப், அந்த வேலியோரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து இரத்த அழுத்தக் குளிசை கூடியது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரங்களில் மட்டும் வந்து துப்புரவாக்கி முடிந்ததும் அந்தக் குழுவின் பொறுப்பாளர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பாலைமரத்தடியில் அந்தப் போத்தல் அப்படியே இருந்தது, பாதித் தண்ணீரோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு குழி. அங்கிருந்து ஒன்று எடுத்ததாகச் சொன்னார். நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். போத்தலிலிருந்து ஒரு முழம்.

வெள்ளைக் கட்டைகள் நட்ட பிறகு, ஒரு நாள் பஸ்ஸில் போய் இறங்கி, கோவைப் பை இல்லாமல், வெறுங்கையோடு நடந்து போனேன். படலைக்கு வெளியிலேயே நின்றேன். மாமி உள்ளே வரச் சொல்லி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். வந்து ஓரத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை வீட்டுக்குள்தான் நின்றது. கதவுத் தகரத்துக்குப் பின்னால் நீலச் சட்டையின் ஓரம் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தால் தலை மட்டும் வெளியே வந்தது. என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் தடவை அது.

"நீங்கள் எப்ப போவியள்?"

மாமி பதறிப்போய் அதட்ட வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிற்பாட்டினேன். தேத்தண்ணி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இப்பவே போறன் பிள்ளை" என்று எழும்பினேன்.

பிள்ளை மாமியோடேயே இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் கோவையில் நிரப்பினேன். கள விஜயம் எவ்வளவு நேரம் என்ற இடத்தில் ஐந்து நிமிடம் என்று எழுதினேன்.