வீரமுத்துவுக்கு ஆகாத மருந்து

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, "வீரமுத்துவுக்கு என்ன மருந்து ஆகாது?" என்று கேட்டாலும், வாசலில் காவல் நிற்கும் ஜாகா முதல் வார்டில் கஞ்சி ஊற்றுகிறவர் வரை ஒரே குரலில் "பென்சிலின்" என்பார்கள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு ஆஸ்பத்திரி, தம்பினில் ஒரு கிளினிக், ஒரு பல் டாக்டர், அவ்வளவே. ஆனால் வீட்டு நாய்க்கு ஊசி போட வந்தவரிடமும் வீரமுத்து அதைச் சொல்லிவைத்தார் என்பதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

தம்பினை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அங்கேயே பால் வெட்டினார், அங்கேயே கல்யாணம் கட்டினார். மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது பாரோய்க்கு வந்து ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஜொகூரில் இருக்கிறாள். சொத்தென்று பெரிதாக ஒன்றும் சேரவில்லை. ஒரு கதை மட்டும் சேர்ந்திருந்தது.

ஐந்து வயதில் தோட்டத்து டிரெஸர், அதாவது லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்களுக்கு மருந்து கொடுப்பவர், காய்ச்சலுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார், உடம்பெல்லாம் தடித்துவிட்டது, கொட்டும் மழையில் அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு டிரெஸரிடம் ஓடிக் காப்பாற்றினாள். இதுதான் கதை. பால் வெட்டிய காலத்தில் அது வெறும் தடிப்பாக இருந்தது. மகள் கல்யாணத்துக்குள் முகம் பலாப்பழமாக வீங்கியிருந்தது. காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பாடைக்கு மூங்கில் வெட்ட ஆட்கள் போயிருந்தார்கள். எது வளர்ந்தாலும் அம்மா ஓடியது மட்டும் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அம்மா இறந்துவிட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. முகம் ஞாபகமில்லாத அம்மாவைப் பற்றி அவரிடம் இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான்.

செம்பனைக்கு நடுவே தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் நிற்கிறது. இந்த ஆண்டு திருவிழாவுக்கு முன்னால் அங்கே புல் வெட்டப் போனார். மெஷினில் பட்டுத் தெறித்த கல் ஒன்று முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். பத்து நாளில் கால் வீங்கி, உடம்பு நடுங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி இரத்தத்துக்குள் போயிருந்தது.

அந்தக் கிருமியை அடக்கச் சிறந்த மருந்து பென்சிலின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அவர் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார்கள்: ஆகாது. ஆகவே வேறு மருந்து ஏறியது. காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை. சிறுநீரகம் வேறு சோர ஆரம்பித்தது. "இப்படியே போனால் கிருமி இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

லோபாக்கிலிருந்து அக்கா பஞ்சாலை தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் ரசம் கொண்டுவருவாள். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மருந்துப் பகுதியிலிருந்து டோரின் என்ற பெண் கட்டிலருகே வந்து நின்றாள்.

"அங்கிள், பென்சிலின் போட்டப்ப என்ன ஆச்சுன்னு எங்கிட்ட கொஞ்சம் சொல்றீங்களா?"

இத்தனை வருஷத்தில் "ஆகாது" என்பதை ஒருவர் எழுத, அடுத்தவர் அதைப் பார்த்து எழுதியிருந்தார்களே தவிர, என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. வீரமுத்து தலையணையைச் சரித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"டிரெஸர் ஊசிய இன்னும் வெளிய எடுக்கலம்மா, அதுக்குள்ள ஒடம்பு பூரா வீங்கிடுச்சு. மூச்சு நின்னுபோச்சு. மூங்கில் வெட்ட ஆள் அனுப்பிட்டாங்கன்னா பாரேன்!"

"மூச்சு நின்னுச்சா? டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்களா?"

"இல்ல."

"ஆக்சிஜன் ஏதாச்சும்?"

"தோட்டத்துல ஏதும்மா ஆக்சிஜன்?"

"அப்புறம் மூச்சு எப்பிடி அங்கிள் திரும்பி வந்துச்சு?"

வீரமுத்து கொஞ்சம் யோசித்தார். "அதுவா வந்துச்சு."

தூக்குச்சட்டிக்குப் பின்னால் பஞ்சாலை சிரித்துவிட்டாள். "மூங்கில் வெட்டப் போனவன் எவன்டா? பேரச் சொல்லு பாப்போம்."

டோரின் அவள் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?"

"இல்லாம? இவனத் தூக்கித் தூக்கி என் இடுப்புல்ல ஒடிஞ்சுது! ஊசி போடறதுக்கு முன்னாடியே இவனுக்குக் காய்ச்சல். கண்ணு செவந்து, மூக்கு ஒழுகி, ஒரே இருமல். ஊசி போட்ட மறுநாள் காதுக்குப் பின்னால செவப்பாக் கெளம்பி, மொகம், நெஞ்சுன்னு கீழ எறங்குச்சு."

"காதுக்குப் பின்னாலயா?" டோரினின் பேனா நின்றது. "ஆன்ட்டி, அது ஊசியால வந்த மாதிரி இல்லையே?"

"யாரு ஊசின்னா? மணல்வாரி லா அது! அப்ப லயத்துல நாலு வீட்டுல அதானே."

"மணல்வாரி அம்மையா?" என்றார் வீரமுத்து.

பஞ்சாலை ஊர் அறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "தீமிதிக்குக் காப்புக் கட்டியாச்சு. மணல்வாரின்னு தெரிஞ்சா டிரெஸர் லயத்தையே அடைச்சிடுவாரு. காப்புக் கட்டின பொறவு திருவிழாவ நிறுத்த முடியுமா? அதான் ஆளுங்கள வேல வாங்குற மண்டோர் போயி, 'ஐயா, நீங்க போட்ட ஊசி ஒத்துக்கல, புள்ளைக்குத் தடிச்சுப்போச்சு'ன்னுட்டாரு. டிரெஸர் பாவம், பயந்துட்டாரு. இனிமே இவனுக்குப் பென்சிலினே போடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"ஏங்க்கா, இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"மூங்கில், பலாப்பழம், அதோட சேத்து ஊசி ஆகாதுங்கறதும் நீ விடுற கதைன்னு நெனச்சேன். டாக்டருங்ககிட்டயும் போயி இதையே சொல்லுவேன்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

டோரின் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். காய்ச்சலோடு வந்த அம்மைத் தடிப்பின் பழி ஊசியின் தலையில் விழுவது ஒன்றும் புதிதல்ல என்றாள். நிஜமாகவே ஒவ்வாமை இருந்திருந்தாலும் பலருக்கு வருஷம் போகப் போக அது போய்விடுமாம். "எங்க கண்ணு முன்னாலயே ஒரு பென்சிலின் மாத்திரை குடுத்துப் பாப்போம், அங்கிள். ஏதாச்சும் ஆனா ஒடனே போட மருந்து பக்கத்துலயே இருக்கும். ஒண்ணும் ஆகலைன்னா அந்த நல்ல மருந்தையே ஏத்திடலாம்."

"வேணாம்மா," என்றார் வீரமுத்து.

பயம் என்றுதான் டோரின் நினைத்தாள். பயமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டது வேறு. ஊசி ஒன்றும் செய்யவில்லையென்றால், காப்பாற்ற எதுவும் இல்லை. காப்பாற்ற எதுவும் இல்லையென்றால், அம்மா எதற்காக ஓடினாள்? மூங்கில் போகட்டும், அது அவரே வெட்டியது. பலாப்பழமும் போகட்டும். இந்த ஒரு மாத்திரையை விழுங்கி ஒன்றும் ஆகாமல் போனால், அந்த மழையும் ஓட்டமும் கூடப் போய்விடுமே. உயிருக்கு விலையாக இதையா கேட்பார்கள்?

மறுபடியும் குளிர் எடுத்தது. கட்டிலே ஆடியது. பஞ்சாலை போர்வையை இழுத்து அவர் தோள்வரை செருகினாள்.

"வீம்பு புடிக்காதடா. ஒனக்கு அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"அக்கா, அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினதும் கதைதானா?"

பஞ்சாலை தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "மொதல்ல மாத்திரையப் போடு. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காலை மாத்திரை வந்தது. டாக்டர் ஒரு பக்கம், டோரின் மறுபக்கம். வீரமுத்து கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினார். பிறகு தன் கைகளையே பார்த்தபடி கிடந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும், "அரிக்குது! அரிக்குது!" என்று கத்தினார். டோரின் ஓடிவந்து சட்டையை விலக்கிப் பார்த்தாள். காலையில் தின்ற ரொட்டித் துணுக்கைத் தேடி வந்த எறும்பு ஒன்று அவர் விலாவில் நடந்துகொண்டிருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. குறித்த நேரம் முடியும் முன்பே அவர் தூங்கிப்போனார்.

சாயங்காலம் நல்ல மருந்து ஏறியது. சிவப்புப் பட்டையை டோரின் கத்தரித்து எடுத்தபோது, அவர் அந்த மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலேயே காய்ச்சல் விட்டது. சிறுநீரகமும் தேறிவந்தது. ஊசி மட்டும் இன்னும் சில வாரம் போட வேண்டும் என்றார்கள்.

காய்ச்சல் விட்டதும் கதை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் மைக்கல்ராஜ் கேட்கக் காத்திருந்தார்.

"சுத்திப் பத்து டாக்டருங்க, மைக்கல். மெஷினு மட்டும் மூணு. இந்தப் பக்கம் மாத்திரை, அந்தப் பக்கம் எமன்..."

"ஒரு டாக்டரு," என்றாள் பஞ்சாலை, ரசத்தை ஆற்றிக்கொண்டே. "எமன் இல்ல, எறும்பு. நீ கொறட்ட விட்டியாம்."

மைக்கல்ராஜ் சிரித்தார். வீரமுத்துவும் சிரித்தார். பிறகு, பழக்கத்தில் வாய் தானாகவே அடுத்த இடத்துக்குப் போயிற்று. "சின்ன வயசுல கொட்டுற மழையில எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு டிரெஸர்கிட்ட..." அங்கே நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்.

பஞ்சாலை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மழையெல்லாம் இல்ல, நல்ல வெயிலு. டிரெஸர்கிட்டயும் ஓடலடா. அவரு வீடு வீடாப் பாத்துக்கிட்டு வர்றாருன்னு தெரிஞ்சதும், அம்மா ஒன்ன மறைக்கத் தூக்கிக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ள ஓடினா. வெளிச்சம் பட்டா ஒனக்குக் கண்ணு கூசுதுன்னு முந்தானையால மொகத்த மூடிக்கிட்டே ஓடினா. நானும் பின்னாலயே ஓடினேன். நீ மூங்கிலெல்லாம் சேத்தே, என்னைய மட்டும் விட்டுட்டே."