பிளெக்கோவின் வெள்ளிக்கிழமை

அத்தான் வேலை செய்த உணவகத்தின் முதலாளி கடையை விற்றபோது, வாசலில் இருந்த மீன்தொட்டியை அவருக்கே கொடுத்துவிட்டார். அது எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், நான்காம் மாடியில், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட வீட்டில் அக்கா, அவளுடைய கணவரான அத்தான், நான் என்று மூவர் இருந்தோம். தொட்டியை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. சாமிப்படத் தட்டுக்கு நேர் கீழே.

அதில் சில சின்ன மீன்களும் ஒரு பிளெக்கோவும் இருந்தன. பிளெக்கோ கரிய, சொரசொரப்பான மீன். வாய் அடிப்பக்கத்தில் இருக்கும். அந்த வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். சின்ன மீன்கள் அத்தானுடையவை, பிளெக்கோ அக்காவுடையது. அத்தான் வேலைக்கும் நான் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் பிரெஞ்சு வகுப்புக்கும் போய்விட்டால், அவள் பகல் முழுவதும் அதனோடுதான் பேசினாள். மொழி தெரியாததால் தனியே வெளியே போக அவளுக்குப் பயம். நான் படியேறி வரும்போதே அவள் குரல் கேட்கும்.

"என்ன பார்க்கிறாய்? வெங்காயம் உரிச்சனான், அதுதான் கண் கலங்கிக் கிடக்கு."

குளிர் தொடங்கியபோது அந்த மீன் மெலிந்தது. வயிறு உள்ளே போய், கண்கள் குழிவிழுந்தன. அக்கா அடுப்பில் கறியை விட்டுவிட்டுத் தொட்டியருகே போய்ப் போய் நின்றாள்.

"பிள்ளை, நீ ஆஸ்பத்திரியிலை படிச்சனீ. இதுக்கு என்ன வருத்தம்?"

நான் ஊரில் ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றவள். மீன் வைத்தியம் தெரியாது. காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகத் தெரியும். தண்ணீரின் சூடு சரியாக இருந்தது. மற்ற மீன்கள் நலம். தோலில் புண் இல்லை. மிஞ்சியது சாப்பாடு. நாங்கள் தூவும் தீனியைச் சின்ன மீன்கள் மேலேயே பிடித்துத் தின்றுவிடும். பாசியோ தொட்டியில் மருந்துக்கும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்கா விளக்கை மினுக்கி, நிலம் துடைத்து, அதே கையோடு நாலு பக்கக் கண்ணாடியையும் தேய்த்துவிடுவாள். தொட்டிக்குள் இருந்த மரக்கட்டையை உக்கிப்போனது என்று முதல் வாரமே எறிந்திருந்தாள்.

சேன் ஆற்றங்கரையில் கிளியும் மீனும் விற்கும் கடைகள் உண்டு. ஒரு கடைக்காரர் என் அரைகுறை பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டார். மீனுக்கு நோயில்லை, பட்டினி என்றார். பாசி, உப்பில்லாமல் அவித்த மரக்கறி, சுரண்டுவதற்கு ஒரு கட்டை. சாப்பாட்டை விளக்கை அணைத்தபின் வை என்றார். கட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"அக்கா, இனித் தொட்டியைத் தேய்க்காதேங்கோ."

"சாமிக்குக் கீழை பாசி பிடிச்ச தொட்டியோ? ஆரும் வந்தால் என்ன நினைப்பினம்?"

"ஆரப்பா இஞ்சை வாறது?" என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"என்ரை வீட்டிலை இருக்கிறது ஒண்டும் ஊத்தை தின்னத் தேவையில்லை" என்றாள் என்னிடம்.

"உங்களுக்குத்தான் அக்கா அது ஊத்தை. அதுக்கு அது சோறு."

கடைசியில் முன்கண்ணாடியை மட்டும் தேய்ப்பது, மற்ற மூன்றையும் விட்டுவிடுவது என்று முடிவானது. பாசி படர நாளாகும். அதுவரை மரக்கறி.

அடுத்த வெள்ளி அக்காவுக்கு விரதம். ஊரில் விரதச் சோற்றின் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்து, அது எடுத்தபிறகுதான் சாப்பிடுவாள். இங்கே வந்த புதிதில் ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். புறாக்கள் கூடின. கீழ்வீட்டுப் பிரெஞ்சு அம்மா மேலே வந்து சத்தம் போட்டாள். அதோடு நிறுத்தியவள், வெள்ளிக்கிழமைகளில் பேருக்குத்தான் சாப்பிட்டாள்.

மீனுக்காக நான் பூசணிக்காயை எடுத்தேன். அவள் கத்தியை என் கையிலிருந்து வாங்கினாள். கறிக்கு வெட்டுமுன் ஒரு துண்டை முதலில் வெட்டி, வேறு சட்டியில் அவித்தாள்.

"உப்பில்லாமல் என்னெண்டு தின்னும், பாவம்" என்றபடி முள்ளுக்கரண்டியில் குத்தித் தொட்டியின் அடியில் இறக்கினாள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் அது தின்னட்டும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது தின்னாவிட்டால் இவளும் தின்னமாட்டாள்.

மாலைதான், ஆனாலும் வெளியே இருட்டிவிட்டது. மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் வெளிச்சம் தொட்டிக்குள் ஓடி மறைந்தது. அன்று அத்தானுக்கு இரவு வேலை, புறப்பட வேண்டிய நேரம்.

"இஞ்சருமப்பா, அதுக்கும் இண்டைக்கு விரதமாக்கும். எனக்கெண்டாலும் போடுமன்."

"கொஞ்சம் பொறுங்கோ."

பிளெக்கோ கட்டையின் அடியிலிருந்து வெளியே வந்தது. பூசணித் துண்டைத் தாண்டிக் கண்ணாடிவரை போனது. அது திரும்பி வந்து, துண்டின்மேல் ஏறி, வாயை வைத்து அழுத்தியது. அடுத்த மெட்ரோவின் வெளிச்சத்தில் பார்த்தபோது முள்ளுக்கரண்டி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"எடுத்திட்டுது" என்றாள் அக்கா.

இருட்டிலேயே எழுந்து போய் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டாள். விளக்கைப் போட்டால் அது போய்விடும் என்று போடவிடவில்லை. எது கறி, எது பருப்பு என்று தெரியாமல் சாப்பிட்டோம். அத்தான் போனபிறகு, அவள் தன் கோப்பையில் இன்னொரு முறை சோறு போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.