கடலில் விழாத பிறிஜெற்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றை 'நோர்வேக்குப் போய்த் திரும்பி வந்தவள்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன தமிழர் யாரும் தாமாகத் திரும்பி வந்ததில்லை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து அண்ணன் நோபேட்டோடு கொழும்புக்கு வந்தவள் அவள். நோபேட்டுக்கு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் ஏற்றி இறக்கும் வேலை. பிறிஜெற் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஒரு நோர்வேக் குடும்பத்தின் வீட்டில் சமைத்து, பிள்ளை பார்த்தாள். ஆர்னே, சிக்ரிட் என்ற அந்தத் தம்பதி நிவாரண நிறுவனமொன்றில் இருந்தார்கள். அவர்களுடைய ஐந்து வயது மகள் ஹெடா, பிறிஜெற் ஊட்டினால்தான் சாப்பிடும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊர் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. விசாவுக்கு சிக்ரிட்டே பொறுப்பு நின்றாள். செய்தி கேட்ட அன்றே நோபேட் திட்டம் போட்டுவிட்டான்.

"அங்க இறங்கி, சமயம் பாத்து அவையிட்ட இருந்து மாறிடு. பொலிசிட்ட போய் அகதி எண்டு சொன்னாக் காணும். நீ நிண்டாத்தான் பிறகு என்னைக் கூப்பிடலாம்."

"அவை எனக்குப் பொறுப்பு நிண்டவை அண்ணா."

"அவைக்கு அதால ஒண்டும் நடக்காது. இங்க என்னை எத்தினை தரம் ஏத்திக்கொண்டு போனவங்கள் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். ஒவ்வொரு முறையும் பொலிஸ் நிலைய வாசலில் காத்து நின்றவள் அவள்தான். அதனால் தலையாட்டினாள்.

ஆர்னேயிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, வடக்கு நோக்கிப் போனார்கள். மலைகளுக்கு நடுவே கடல் குடைந்து போகும் நீண்ட நீர்வழிகளை அவர்கள் ஃபியோர்ட் என்றார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. உச்சியிலிருந்து அருவி நேரே கடலில் விழும். காற்று நின்றால் பாய் தொங்கிப்போகும், தண்ணீர் கறுப்புக் கண்ணாடிபோல் கிடக்கும். காற்று எழுந்தால் படகு ஒருபக்கம் சரிந்து ஓடும். அப்போதும் அடுப்பு சாயாமல் தானாக ஆடி நேராக நிற்பதைப் பார்த்து பிறிஜெற் சிரித்தாள். தீவுகளில் கருவாட்டு வாடை அடித்தது. மன்னாரிலேயே இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. ஆர்னே சுக்கானை அவள் கையில் கொடுத்து, "நீதான் இப்போது கப்டன்" என்றான். மேசையில் அவர்களோடு சேர்ந்து இருந்து சாப்பிட்டாள். கொழும்பு வீட்டில் அது நடந்ததில்லை.

அவர்கள் அன்பு காட்டக் காட்ட அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோபேட்டின் கூட்டாளி ஒருவன் வடக்கே ஒரு பட்டணத்தில் இருந்தான். அந்தப் பட்டணத்துக்குக் கப்பல் போகும் துறைக்கு பஸ் ஓடுகிற ஒரு தீவில் படகைக் கட்டினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மூவரும் மலையேறக் கிளம்பினார்கள். பிறிஜெற் தலையிடி என்று படகிலேயே தங்கினாள். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் லைஃப் ஜாக்கட்டைக் கழற்றிப் படகின் மேல்தளத்திலே போட்டாள். கோப்பை கழுவக் கடல்நீர் மொண்டுகொண்டிருந்த வாளியையும் அப்படியே விட்டாள். பாஸ்போட்டைக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

மேட்டின் வளைவில் பஸ் தரிப்பிடம். ஞாயிறுகளில் பஸ் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. சிக்ரிட்டின் குரல். பிறகு ஹெடா வீரிட்டு அழுதது. தன்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்து, தரிப்பிடத்தின் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. ஊதுகுழல் ஊதியது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் ஜன்னலை இறக்கி, அவசர அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னாள். "படகிலிருந்து ஒரு பெண் கடலில் விழுந்துவிட்டாள். இலங்கைக்காரி. நீ யாரையாவது..." பாதியில் நிறுத்தி பிறிஜெற்றின் முகத்தையே பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

துறையில் ஊரே கூடியிருந்தது. காற்றில் மேல்தளத்திலிருந்து உருண்ட வாளி தண்ணீரில் மிதந்தது. ஆர்னே அந்தப் பனிக்குளிர் நீரில் மூழ்கி மூழ்கித் தேடியிருந்தான். உதடு நீலம் பாய்ந்து நின்றவனை இரண்டு பேர் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீனவர்கள் நீண்ட கொக்கிகளால் அடியைத் துழாவினார்கள். பிறிஜெற்றைக் கண்டதும் சிக்ரிட் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அணைப்பில் பாஸ்போட்டின் மூலை பிறிஜெற்றின் வயிற்றில் குத்தியது.

"நடக்கப் போனேன், மேடம். வழி தெரியாமல் போய்விட்டது."

ஒரே ஒரு ரோட்டு உள்ள தீவு அது. ஆனாலும் நம்பினார்கள். மீனவர் ஒருவர் சிரித்துக்கொண்டு அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அவருடைய கைகள் நனைந்து சிவந்திருந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ துறைகளில் படகு நின்றது. அவள் இறங்கவில்லை. கொழும்புக்குத் திரும்பிய அன்று நோபேட் தலையில் அடித்துக்கொண்டான். "உன்னை நம்பினன் பார்!"

வெள்ளவத்தை வீட்டிலோ அது விருந்துக் கதையாகிவிட்டது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் ஆர்னே தொடங்குவான். "எங்கள் பிறிஜெற் ஒரே ரோட்டில் வழி தவறியவள். நான் கடலுக்கடியில் இவளைத் தேடுகிறேன், இவள் மேட்டில் காற்று வாங்குகிறாள்!" எல்லாரும் சிரிப்பார்கள். கறித் தட்டைக் கையில் பிடித்தபடி அவளும் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

அவ்வாண்டு முடியுமுன் நகரத்தில் குண்டு வெடித்தது. பொலிசார் கொட்டாஞ்சேனையைச் சுற்றி வளைத்தார்கள். நோபேட்டை லொறியில் ஏற்றினார்கள். மீட்க ஆர்னேதான் போனான். பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இருந்து, நோபேட்டைக் கையோடு கூட்டி வந்தான். நோபேட் வாசலில் நின்று அவனைக் கும்பிட்டான்.

மறுநாள் காலை சிக்ரிட் குசினிக்கு வந்தபோது பிறிஜெற் மீன் வெட்டுவதை நிறுத்தினாள்.

"மேடம், தீவில் நான் வழி தவறவில்லை. ஓடிப்போகத்தான் போனேன்."

சிக்ரிட் மேசையோரம் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நாங்கள் கூப்பிட்டது அங்கே கேட்டதா?"

"கேட்டது."

"ஹெடா அழுதது?"

"அதுவும் கேட்டது, மேடம்."

சிக்ரிட் எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்கத் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள் பிறிஜெற். யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த விருந்தில் ஆர்னே அந்தக் கதையைச் சொல்லவில்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் அவள் ஹெடாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போது சிக்ரிட்டும் கூடவே வரத் தொடங்கினாள்.

இரண்டு வருடத்தில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நோபேட் ஒரு ஏஜென்டைப் பிடித்துக் கட்டாருக்குப் போனான். பிறிஜெற் தெஹிவளையில் ஜவாஹிறா என்பவர் நடத்திய பிள்ளைகள் காப்பகத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கேயும் கேட்பார்கள்.

"நோர்வே வரைக்கும் போய் ஏன் பிள்ளை திரும்பி வந்தனீ?"

"குளிர் ஒத்துக்கொள்ளேல்ல" என்பாள்.