கார் வைத்திருப்பவர் நடந்தால்

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாய உடற்பயிற்சிக் கூடத்துக்கு போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் முதலாளி ஒருவர், இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து காரில்தான் வருவார். பெரிய மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. டிரெட்மில்லின் கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நடப்பார். சர்க்கரை குறையாவிட்டால் கால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை கரண்ட் போனது. மெஷின் நின்றது, அவரும் அதன்மேலேயே நின்றார். பக்கத்து மெஷினில் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். யோசனை சொல்ல எங்கும் தயங்குவதில்லை.

"ரோட்டுல நடக்கலாமுங்களே?" என்றேன்.

"நீ வேற சாமி! நான் நடந்து போனா, வண்டியெல்லாம் வித்துட்டானான்னு ஊரே ஊட்டுக்கு வந்து கேக்கும்."

"வெரலு போனாலும் வந்து கேப்பாங்களேங்க."

அவர் மனைவிக்குப் போன் செய்தார். அந்த அம்மா வந்து காரை எடுத்தார். இவர் ரோட்டில் நடக்க, கார் பின்னாலேயே ஊர்ந்தது.

"ஏனுங்க, வெரசா நடங்க. வண்டி ஆஃப் ஆவுதுங்க!" என்று ஹார்ன் அடித்தார் அம்மா.

டிரெட்மில்லில் ஒருநாளும் வேர்க்காத மனிதரின் சட்டை அன்று முதுகோடு ஒட்டிவிட்டது. மறுநாள் கரண்ட் இருந்தும் இருவரும் ரோட்டுக்கே போனார்கள்.

விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. இப்போது இன்னும் இரண்டு முதலாளிகள், பின்னால் கார் வர, காலையில் நடக்கிறார்கள். அவரை மெச்சுவதா, எரிகிற டீசலை நினைத்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.